கெலுகோர் வீட்டுப் பவளத் தொட்டி

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த மீன் தொட்டிக் கடையிலிருந்து போன் வந்தது. முதலாளியின் மகள்தான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறாள். புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள், ஒரு நாள் வந்து அவர்களோடு பேசிக்கொண்டிருங்கள் என்றாள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறிப் பினாங்குக்குப் போனேன்.

அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள். வாடிக்கையாளர் வீட்டுத் தொட்டியின் சூடு, உப்பு எல்லாம் அவர்கள் கைப்பேசியிலேயே தெரிகிறது. அதிகமானால் அது கத்துகிறது. ஒருத்தி கேட்டாள்: "அப்பல்லாம் இது ஒண்ணும் இல்லியேக்கா. தொட்டிக்கு என்ன ஆச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"வீட்டுல உள்ளவங்களக் கேப்போம்லா" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் தொழிற்சாலைகளில் ஆள் குறைத்தபோது பாயான் லெப்பாஸில் என் வேலை போயிற்று. எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பற்றவைக்கும் வேலை. கை நடுங்காமல் செய்வேன், வேறொன்றும் தெரியாது. பர்மா ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மீன் கடையில் ஆள் தேவை என்று தெரிந்தவர் சொன்னார். பாசாரில் வெட்டுகிற மீன் என்று நினைத்துப் போனேன். உள்ளே போனால் சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். கடைக்கோடியில் ஒரு தொட்டியில் மட்டும் மீன்கள் குறைவு. பாறைகள், அவற்றின்மேல் அசைகிற என்னவோ. செடி என்று நினைத்தேன். உயிர்ப் பிராணி என்றார்கள். பவளத்தை மோதிரத்தில் மட்டுமே பார்த்தவள் நான்.

கடை முதலாளி சியா சீனர்; முதலாளி என்று பொருள்படும் தவுக்கே என்ற சீனச் சொல்லால்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். என்னோடு மலாயில் பேசுவார், இடையிடையே ஆங்கிலம். முதல் இரண்டு வருடங்கள் தொட்டி கழுவினேன், உப்பு கரைத்தேன், சோதனைக் குழாயில் சொட்டு விட்டு நிறம் பார்த்தேன். பிறகு வீடுகளுக்கு அனுப்பினார். பெண்பிள்ளை போனால் வீட்டுக்காரப் பெண்கள் அடுப்படி வரைக்கும் விடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. அது சரியான கணக்குதான்.

பவளத் தொட்டி வைப்பது மீன் தொட்டி வைப்பது போன்றதல்ல. முதலில் மேசையின்மேல் மட்டப்பலகை வைத்துப் பார்ப்போம். பிறகு தொட்டியில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு அதை வெளியேற்றுவோம். பினாங்கைச் சுற்றியுள்ள கடல் சேறு கலந்தது, வீட்டுக்கு ஆகாது. அதனால் பீப்பாயில் உப்புத்தூளைக் கரைத்து, காற்றுக்குழாய் போட்டுக் கலக்கி, தெளிந்த பிறகே தொட்டிக்குள் விடுவோம். அதற்குப் பிறகு பாறை. கடலுக்கடியில் கிடந்து, கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமாக ஆயிரம் உயிர்கள் ஒட்டியிருக்கிற பாறை. தண்ணீரைச் சுத்தம் செய்வது அந்தப் பாறைதான், எந்திரம் அதற்குக் கையாள்.

பாறையை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் நாறும். கண்ணாடியில் பழுப்புப் பாசி படரும். வீட்டுக்காரர்கள் ஏமாற்றிவிட்டோம் என்று போன் செய்வார்கள். "அவங்க கோபம் அடங்கறதுக்கும் தண்ணி தெளியறதுக்கும் சரியா இருக்கும்" என்பார் தவுக்கே. அதற்குப் பிறகு நத்தைகள், அப்புறம் இறால்கள், கடைசியாகத்தான் பவளம்.

நம் ஊரில் பெரிய எதிரி வெயில். தண்ணீரைக் குளிர வைக்கும் எந்திரம் வாங்க எல்லோருக்கும் வசதி கிடையாது. தொட்டிக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறியை மாட்டி, தண்ணீரின்மேல் காற்று படும்படி வைப்போம். தண்ணீர் குளிரும், ஆனால் ஆவியாகிக் குறையும். உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றி நிரப்ப வேண்டும். கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டி, அந்தக் கோடு வரைக்கும் ஊற்றச் சொல்லிவிட்டு வருவோம்.

ஒரு தொட்டிக்கு உடம்பு சரியில்லை என்று கூப்பிட்டால், தவுக்கே போனதும் தொட்டியைத் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மூக்கை நீட்டி அந்த அறையை மோந்து பார்ப்பார். பிறகு வீட்டைப் பற்றி விசாரிப்பார். யார் தரை துடைக்கிறது, எதைப் போட்டுத் துடைக்கிறது, சுவருக்குப் புதுசாகச் சாயம் அடித்தீர்களா, ஊதுபத்தி எங்கே கொளுத்துகிறீர்கள். சிலருக்கு எரிச்சல் வரும். மீனைப் பார்க்க வந்தவன் அடுப்படியைப் பற்றி ஏன் கேட்கிறான் என்று முகத்தில் தெரியும். அவர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, சோப்புப் போடாமல் முழங்கை வரை கையைக் கழுவி, மெதுவாகத் தண்ணீருக்குள் விடுவார்.

வீட்டைப் பற்றி ஏன் விசாரிக்கிறார் என்பது எனக்கு ஆயர் ஈத்தாமில்தான் விளங்கியது. ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் நாங்கள் வைத்த தொட்டி. ஒரு மாலை இறால்கள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரி. தவுக்கே வந்து மோந்து பார்த்துவிட்டு, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டார். காலையில் தெருவில் கொசுவுக்குப் புகை அடித்தார்களாம், ஜன்னலைச் சாத்தினோமே என்றாள். ஜன்னலைச் சாத்தினாலும் தொட்டிக்குக் காற்று இழுக்கும் மோட்டார் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? அறைக்குள் வந்ததையெல்லாம் அது தண்ணீருக்குள் ஊதிவிட்டது. தண்ணீரை மாற்றினோம், மீன்கள் பிழைத்தன. அன்றிலிருந்து நானும் வீட்டை மோந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தக் கிளினிக் வழியாகத்தான் பரமேஸ்வரி ஆன்ட்டி எங்களைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கெலுகோரில் சொந்த வீடு. கணவர் கனகசபை அங்கிள் துறைமுக ஆபீசில் குமாஸ்தாக்களுக்கு மேலே தலைமைக் கிராணியாக இருந்தவர். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் பாதி, பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. "ஓம்", "இல்லை", மனைவியின் பெயர், இவ்வளவுதான் வாயில் வரும். பிள்ளைகள் மெல்பர்னில்.

"கால் திரும்ப வழங்கோணும் எண்டால் நடக்கோணும் எண்டு டொக்டர்மார் சொல்லீனம், நடக்கிறார் இல்லை. டீவியும் பாக்கிறார் இல்லை" என்றார் ஆன்ட்டி. "பல்லுக் காட்டப் போன இடத்தில உங்கட தொட்டிக்கு முன்னால இருந்தவர், பிள்ளை. எழும்ப மாட்டன் எண்டிட்டார். டொக்டர் ரெண்டு தரம் கூப்பிட்டும் அசையேல்லை. அப்பதான் யோசிச்சன்."

ஹாலில், அவருடைய அறை வாசலுக்கு எதிரே, தொட்டியை வைத்தோம். வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்தார் தவுக்கே. பார்க்க வேண்டுமென்றால் எழுந்து வரட்டும் என்று. அங்கிள் வந்தார். தண்ணீர் நாறிய வாரங்களிலும் வந்து உட்கார்ந்திருந்தார். பாறையிலிருந்து சின்னப் புழு ஒன்று தலை நீட்டியபோது இடது கையால் கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இறால்கள் விட்டோம், ஒரு ஜோடி கோமாளி மீன் விட்டோம். பிறகு பவளம். காளான் போல ஒரு தண்டும், அதன்மேல் விரிந்த தட்டும், தட்டு முழுக்கப் பூவிதழ் போலச் சின்னச் சின்ன விரல்களும் கொண்ட பவளம். எளிதில் சாகாத வகை. விளக்கு எரிந்ததும் அந்த விரல்கள் எல்லாம் வெளியே வரும். அங்கிள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நடக்கவும் தொடங்கியிருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து தொட்டியின் மறுபக்கத்துக்கு. ஆன்ட்டி என்னை ஒரு தடவைகூடச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்.

பிறகு இறால் ஒன்று செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நீந்தின. புகை அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை. கொசுவர்த்தி, சாயம், தரை துடைக்கும் மருந்து, எதுவும் புதிதில்லை. வழக்கமான சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. தண்ணீர் மாற்றினால் இரண்டு நாள் தேறும், திரும்பவும் சுருங்கும். அங்கிள் என் முகத்தையே பார்ப்பார். எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே கஷ்டமாக இருந்தது.

கடைக்கு வந்து தவுக்கேயிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மீன் நல்லா இருக்கு, ஓடு உள்ளதும் எலும்பு இல்லாததும் சாகுது. என்ன?"

"செம்பு" என்றேன். மீன்களின் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து போடுவது உண்டு. அது மீனைக் காப்பாற்றும், மற்ற எல்லாவற்றையும் கொல்லும். அதனால் பவளத் தொட்டிப் பக்கமே அதைக் கொண்டுபோக மாட்டோம். மருந்து எதுவும் போடாததால் செம்புக்குச் சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. போய்ச் சோதித்தேன். குழாயில் நீலம் தட்டியது.

எங்கிருந்து வந்தது? வீட்டுக் குழாய்த் தண்ணீரில் இல்லை. உப்பில் இல்லை. ஊற்றுவதற்குப் பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் இல்லை. அப்போது தவுக்கேயும் உடன் வந்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிக்கு மேலே ஓடும் விசிறியைப் பார்த்தார், கறுப்பு டேப்பைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி ஊத்துறீங்க?" என்று ஆன்ட்டியிடம் கேட்டார்.

"இப்ப ஊத்துறதே இல்லை. மழைக்காலம்தானே, தண்ணி குறையிறதில்லை."

வெளியில் வந்ததும் தவுக்கே என்னிடம் சொன்னார்: "விசிறி ஓடுது. தண்ணி குறையாம எப்படி இருக்கும்? வேற யாரோ ஊத்துறாங்க. நாளைக்கு உன் நேரத்துக்குப் போகாதே, காலையிலேயே போ."

போனேன். ஆன்ட்டி சாமி அறையில் இருந்தார், மணிச் சத்தம் கேட்டது. வாசல் திறந்திருந்ததால் ஹாலிலேயே நின்றேன். அங்கிள் அறையிலிருந்து வந்தார். இடது கையில் ஒரு செம்புப் பாத்திரம். இரவெல்லாம் செம்பில் வைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி, நோய் வந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். பாதியைக் குடித்தார். காலை இழுத்து இழுத்துத் தொட்டியிடம் போனார். சுவரில் தோளைச் சாய்த்து நின்று, கொஞ்சமும் சிந்தாமல், மீதியைக் கறுப்புக் கோடு வரைக்கும் ஊற்றினார். பிறகு குனிந்து, சுருங்கிக் கிடந்த பவளத்தைப் பார்த்தார்.

தனக்கு நல்லது என்று கொடுத்ததில் பாதியை அதற்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அது வாட வாட, ஒரு நாளும் விடாமல் கொடுத்திருக்கிறார்.

ஆன்ட்டியை அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அவருக்குச் சொல்லாதேங்கோ பிள்ளை. மனம் விட்டிடுவார். நான் அந்தச் செம்பை எடுத்து ஒளிச்சுப்போட்டு எவர்சில்வரில குடுக்கிறன். ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடைக்கு வந்து அப்படியே சொன்னேன். தவுக்கே தலையாட்டவில்லை.

"அவருக்கு வாய்தான் சரியில்ல, புத்தி நல்லா இருக்கு. பாத்திரம் மாறும், பவளம் பிழைக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்குவார். 'நான்தான் கெடுத்தேன், இவங்க எல்லாரும் என்கிட்ட மறைச்சாங்க'ன்னு."

அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆன்ட்டிக்கு இஷ்டமில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. தவுக்கே நாற்காலியை இழுத்து அங்கிளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் செம்புப் பாத்திரத்துத் தண்ணீர். இரண்டிலும் சொட்டு மருந்தை அங்கிளின் கண் முன்னாலேயே விட்டார். ஒன்று தெளிவாக நின்றது. மற்றது நீலமாயிற்று. ஆங்கிலத்தில், ஒரு ஆபீஸ் விஷயத்தைச் சொல்வது போல, மனிதனுக்கு இது ஆகும், இதுகளுக்கு ஆகாது என்று மட்டும் சொன்னார். மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் இல்லை.

அங்கிள் நீலக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தவுக்கேயிடம் திருப்பிக் கொடுத்தார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஹாலுக்கு வரவில்லை. சாப்பாட்டையும் அறைக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று. "நல்ல வேலை செய்தீங்கள்" என்று ஆன்ட்டி போனில் சொன்னார். அவர் என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிடாதது அந்த ஒரு முறைதான். நடக்கத் தொடங்கிய மனுஷன் மறுபடி கட்டிலில் விழுந்துவிட்டாரே என்று நானும் தவுக்கேமேல் கோபமாக இருந்தேன். அவர் தொட்டியைச் சரி செய் என்றார்.

செம்பு லேசில் போகாது. மணலிலும் பாறையிலும் ஊறிக்கொள்ளும். மணலை முழுக்க அள்ளிவிட்டுப் புது மணல் போட்டேன். பாதிப் பாறைகளை மாற்றினேன். செம்பை உறிஞ்சும் கரிப் பையைத் தண்ணீர் ஓடும் இடத்தில் கட்டினேன். வாராவாரம் தண்ணீரை மாற்றினேன். பவளத்தின் தட்டில் ஒரு ஓரம் அழுகியிருந்தது. அதைக் கூரான பிளேடால் வெட்டி எடுத்தேன். தொழிற்சாலையில் பழகிய கை அன்றைக்குப் பயன்பட்டது. சாத்தியிருந்த கதவுக்கு இந்தப் பக்கம் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு தடவை போனபோது கதவு ஒருக்களித்திருந்தது. அடுத்த தடவை அவருடைய நாற்காலி தொட்டிக்கு முன்னால் இருந்தது, ஆள் இல்லை. அதற்கடுத்த தடவை அவரே உட்கார்ந்திருந்தார். நான் பீப்பாயிலிருந்து தண்ணீரை மொண்டுகொண்டிருந்தேன். அவர் இடது கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினார். காலியாக இருந்த கண்ணாடிக் குவளையை அவர் கையில் கொடுத்தேன். அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். கண்ணாடிதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகு, எழுந்து, அதில் தண்ணீரை மொண்டு கோடு வரைக்கும் ஊற்றினார்.

ஆன்ட்டி அடுப்படி வாசலில் நின்றார். "சாப்பிட்டிட்டுப் போங்கோ பிள்ளை" என்றார்.

தவுக்கேயிடம் சொன்னேன். அவர் ஒரு சோதனைப் பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்து, அங்கிளுக்குப் பழக்கிவிடச் சொன்னார். இடது கையால் சொட்டு விடுவது சுலபமில்லை. முதல் வாரங்களில் சொட்டுகள் மேசையில்தான் விழுந்தன. அவர் விடவில்லை. தலைமைக் கிராணியாக இருந்தவர் அல்லவா, ஒரு வேலை தன் பொறுப்பு என்று ஆனதும் அதை வேறு யாரையும் தொட விடவில்லை. தண்ணீர் ஊற்றுவது, சோதிப்பது, பிறகு ஆன்ட்டி பீப்பாயைப் பிடித்துக்கொள்ள உப்புக் கரைப்பது, எல்லாம் அவரே. பவளம் ஒரு பக்கம் குறைந்து கோணலாகத்தான் விரிந்தது. வெட்டிய ஓரத்தில் புதுச் சதை வந்தது. அந்த வீட்டில் எனக்கு வேலை குறைந்துகொண்டே போயிற்று.

அடுத்த வருடம் ஒரு காலை. நாங்கள் வழக்கமாக வரவழைக்கும் உப்பு கிடைக்காமல் வேறு உப்பை எல்லா வீடுகளுக்கும் அனுப்பியிருந்தோம். கடையில் போன் அடித்தது, எடுத்தேன். யாரும் பேசவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் ஒரு கனத்த குரல், ஒவ்வொரு சொல்லாக இழுத்து வைத்தது.

"பிள்ளை. உங்கட. உப்பு. சரியில்லை."

எனக்கு ஒரு நிமிடம் யார் என்றே தெரியவில்லை. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. 'ஓம்', 'இல்லை' தவிர.

"அங்கிளா?" என்றேன்.

"ஓம். கலங்குது."

பின்னாலிருந்து ஆன்ட்டி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். "கேட்டனீங்களே பிள்ளை? முழுசாச் சொன்னவர். நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. தானே நம்பர் சுத்தித் தானே கதைச்சவர்." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

தவுக்கே பின்கட்டில் ஒரு தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெலுகோர் அங்கிள் போன் செய்து உப்பைக் குறை சொல்கிறார் என்றேன்.

துடைப்பதை நிறுத்தினார். "அவரே பேசினாரா? முழு வாக்கியமா?"

"முழு வாக்கியம்."

அவர் அதிகம் சிரிக்கிறவர் இல்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். கடைக்குள் போய், தன் சொந்தத் தொட்டிக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய உப்பில் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"நீயே கொண்டுபோய்க் குடு. எவ்வளவு திட்டினாலும் நின்னு வாங்கிட்டு வா. அவசரப்பட்டுத் திரும்பி வராதே."

பஸ் பிடித்துக் கெலுகோருக்குப் போனேன். அங்கிள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். திட்டுவதற்கு அவரிடம் இன்னும் நாலைந்து சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் தேடி எடுத்துச் சொல்லி முடிக்கும் வரைக்கும் நின்று, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.